அந்த இரண்டு வாரத்தைச் செவிலியரிடம் விடுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் மாவட்டச் சுகாதார அலுவலர்களுக்கு,

வணக்கமுங்க. காங்கேயம் பக்கத்துக் கிராமங்களில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கர்ப்பகாலச் சர்க்கரை பற்றி ஒரு கோரிக்கை வைக்கிறேன்.

கண்டுபிடிப்பதில் நமக்குக் குறையில்லை. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்பதைத் தமிழக அரசு 2007இலேயே கொண்டுவந்துவிட்டது. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறோம். 140ஐத் தொட்டால் சர்க்கரை. முதல் இரண்டு வாரம் சாப்பாடும் நடையும்தான் வைத்தியம். அதன்பிறகும் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் 120க்குக் கீழே வராதவர்களுக்குத்தான் மெட்ஃபார்மின் மாத்திரையோ இன்சுலின் ஊசியோ. பெரும்பாலானவர்களுக்குச் சாப்பாட்டிலேயே கட்டுப்பட்டுவிடும்.

அந்த இரண்டு வாரம் செவிலியருடையது. ஆனால் கர்ப்பிணிக்குக் கிடைப்பதோ, "இனிப்பைக் குறைச்சுக்கம்மா, நல்லா நட" என்று ஒரு வரியும் ஒரு நோட்டீஸும். செவிலியரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஒரு பக்கம் தடுப்பூசி, இன்னொரு பக்கம் 'பிக்மி' என்கிற கர்ப்பிணிகள் விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் பதிவு, வாசலில் வரிசை.

வீட்டுக்குப் போனால்தான் விஷயம் புரியும். "சர்க்கரையே தொடறதில்லீங்கக்கா, நாட்டுச்சர்க்கரைதான்" என்பாள். ராகிக் களி நல்லதென்று பெரிய உருண்டையாக இரண்டு உள்ளே போகும். மத்தியானம் தட்டு நிறையச் சோறு, ஓரத்தில் துளி பொரியல். அதே தட்டில் சோற்றைப் பாதியாக்கி, கொள்ளுப் பருப்பும் கீரையும் ஒரு முட்டையும் வைத்துக் காட்டுவேன். மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காட்ட வேண்டும். பல வீடுகளில் கரண்டி அவர் கையில்தான். "ரெண்டு உசுருக்குத் திங்கோணுமில்லீங்க" என்று அவர் பயப்படுவதும் நியாயமே. பட்டினி போட வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுங்கள். பிள்ளை அளவுக்கு மீறிப் பெருத்தால் பிரசவம் சிக்கலாகும், பிறந்ததும் அதற்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும் என்று உட்கார்ந்து பேசினால் கேட்டுக்கொள்வார்.

பனியன் கம்பெனிக்குப் போகிறவளுக்கு வேறு வழி சொல்ல வேண்டும். நாள் முழுக்கத் தையல் மெஷினில் இருப்பவள் அரைமணி நேரம் நடப்பதற்கு எங்கே போவாள்? சாப்பிட்டதும் பத்து நிமிஷ நடை, டீ நேரத்தில் பன்னுக்குப் பதில் சுண்டல். அவளுடைய ஷிப்டைக் கேட்டறிந்த செவிலியரால்தான் இதைச் சொல்ல முடியும்.

ஆகவே, சர்க்கரை என்று தெரிந்த ஒரு வாரத்துக்குள் செவிலியர் அந்த வீட்டுக்குப் போக நேரம் ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் வேறு கணக்கு எதுவும் கேட்காதீர்கள். குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவளுக்குப் பின்னாளில் நிரந்தரமாகவே வரும் வாய்ப்பு அதிகம். பிரசவமாகி ஆறாவது வாரம் தாய்க்கு மறுபடி பரிசோதிக்க வேண்டும். பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் இது மறந்துபோகிறது. பிள்ளைக்கு ஒன்றரை மாத ஊசி போட எப்படியும் வருவாள். வெறும் வயிற்றோடு வா என்று முன்கூட்டியே சொல்லி, ஊசி போடும் அன்றைக்கே தாய்க்கும் பரிசோதனை செய்ய உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
காங்கேயம் வட்டம்