24 கிலோவாட் பாய்லர் எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம். லண்டனில் குளிர்காலம் வந்தாலே எங்கள் வீட்டில் தெர்மோஸ்டாட் (வீட்டுச் சூட்டின் அளவை வைக்கும் கருவி) சண்டைதான், நான் குறைப்பேன், மனைவி கூட்டுவாள். போன ஜனவரியில் சண்டையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டேன். வெளியே 5 டிகிரி, உள்ளே 20, குளியலும் சமையலும் போக அன்று எரிந்த எரிவாயு 60 கிலோவாட் மணி. 24 மணி நேரத்தால் வகுத்தால் 2.5 கிலோவாட், அதை 15 டிகிரி வித்தியாசத்தால் வகுத்தால் டிகிரிக்குச் சுமார் 167 வாட். உள்ளும் வெளியும் ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் வீடு இழக்கும் சூடு அவ்வளவுதான்! வெளியே பூஜ்யம் ஆனாலும் மூன்றரை கிலோவாட் போதும், சுவரில் தொங்குவதோ எரிவாயுவில் தண்ணீரைச் சூடாக்கும் 24 கிலோவாட் பாய்லர். குழாயில் உடனே வெந்நீர் வர அவ்வளவு பெரிது வேண்டும், சரி. ஆனால் வீட்டைச் சூடாக்கும்போது அது எரிவதும் அணைவதுமாகத் திணறுகிறது. அப்புறம் அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரை 75 டிகிரியிலிருந்து 55-க்கு இறக்கினேன். திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55-க்குக் கீழே இருந்தால்தான் கண்டென்சிங் பாய்லர் புகையிலுள்ள நீராவியின் சூட்டையும் மீட்கும். பொருத்தியவர் இதைச் சொல்லவே இல்லை! வெந்நீர்த் தொட்டி இருப்பவர்கள் மட்டும் தொட்டியை 60-க்குக் கீழே விடாதீர்கள், நிமோனியாவை உண்டாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளரலாம். எரிவாயு விலையேற்றச் செய்தி போடும்போது பக்கத்தில் இந்தக் கணக்கையும் போடுங்களேன்.

- லண்டன் வாசகர்