மீனம்பாக்கம் தூரம்தான், காட்டுப்பள்ளி பக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எண்ணூர் கடற்கரையில் ட்ரோன் பறக்கவிடலாமா என்று சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். 'மீனம்பாக்கம் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால் தடையில்லை' என்று பதில் போட்டிருந்தீர்கள். தூரம் சரி, பதில் தப்பு. வடசென்னையில் கல்யாண வீடியோ எடுப்பவர்கள் பலரும் இதே கணக்கைப் போட்டுத்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

விமான நிலைய விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 2021 ட்ரோன் விதிகள் வருவதற்கு முன் மஞ்சள் மண்டலம், அதாவது அனுமதி வாங்கித்தான் பறக்கவிட வேண்டிய பகுதி, நிலையத்தைச் சுற்றி 45 கி.மீ. வரை நீண்டிருந்தது, இப்போது 12 கி.மீ.தான். அதுவும் நிலையத்தின் சுற்று எல்லையிலிருந்து அளப்பது. 8 கி.மீ. முதல் 12 கி.மீ. வரையிலான வளையத்தில் 200 அடி உயரம் வரை பச்சை, அதாவது தனி அனுமதி தேவையில்லாத வான்வெளி. அதற்கு மேல் போனால் மஞ்சள், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையின் அனுமதி வேண்டும். 12 கி.மீ.க்கு அப்பால் பச்சையின் உச்சி 400 அடி. இந்த வளையத்தின் வட விளிம்பு ஏறக்குறைய வில்லிவாக்கம், அயனாவரம் பக்கம் வந்து நின்றுவிடுகிறது. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் எல்லாம் வெளியேதான்.

நம் பக்கத்துச் சிக்கல் வேறு. தெற்கே தலைமைச் செயலகம் இருக்கும் புனித ஜார்ஜ் கோட்டை, அடுத்து சென்னைத் துறைமுகம், மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, வல்லூர், அத்திப்பட்டு அனல்மின் நிலையங்கள், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம், மேற்கே புழல் சிறை. சிவப்பு மண்டலம் வரைய ஏதுவான இடங்கள் இவ்வளவு நெருக்கமாக இருக்கிற பகுதி நகரில் வேறு இல்லை. சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் எந்த ட்ரோனும் பறக்கக் கூடாது. 250 கிராம் வரையுள்ள நேனோ வகையும் இதில் அடக்கம். 'குட்டி ட்ரோன், பொம்மை மாதிரி' என்பது காவல் நிலையத்தில் எடுபடாது.

ஆகவே கேட்க வேண்டியது விமான நிலையம் எவ்வளவு தூரம் என்பதை அல்ல, அன்றைக்கு வரைபடம் என்ன நிறம் காட்டுகிறது என்பதை. மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்ககமான டிஜிசிஏ-வின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் இருக்கும் வான்வெளி வரைபடம் 2021 செப்டம்பர் 24 அன்று வெளியானது. பார்ப்பதற்கு லாகின் தேவையில்லை. அதன் எல்லைகள் அவ்வப்போது மாற்றப்படும் என்பதால், போன மாதம் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் போகக் கூடாது. ட்ரோனோடு வரும் ஆப்பின் தடை வரைபடமும் இதற்கு மாற்று ஆகாது. அதில் எச்சரிக்கை வராமல் மோட்டார் சுற்றிவிட்டால் அது இயந்திரம் தந்த வழி, அரசு தந்த அனுமதி அல்ல.

பார்க்கும்போது ட்ரோனை ஏற்றும் இடத்தில் மட்டும் விரல் வைத்துவிட்டுப் போகாதீர்கள். ட்ரோன் போகும் மிக அதிக தூரத்தை ஆரமாகக் கொண்டு ஒரு வட்டம் போட்டு, அது முழுக்கப் பச்சைக்குள் விழுகிறதா என்று பாருங்கள். சிக்னல் அறுந்து, கிளம்பிய இடத்துக்குத் தானே திரும்பும் 'ரிட்டர்ன் டு ஹோம்' வேலை செய்தால், பல ட்ரோன்கள் ஆற்றின் வளைவைப் பார்க்காது, நேர்க்கோட்டில் திரும்பும். கொசஸ்தலை முகத்துவாரம் போன்ற இடத்தில் அந்தக் கோடு எதன் மேல் போகிறது என்பதை முதலிலேயே தெரிந்துவைத்திருக்க வேண்டும். திரும்பும் உயரத்தை ஆப்பில் முன்பே இருக்கிற அளவிலேயே விட்டால், உயர் அழுத்த மின்கம்பியோ கிரேனோ குறுக்கே நிற்கலாம். மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறும்போது மேலே போன ட்ரோன் மேற்கே தள்ளப்படும் என்பதையும் அந்த வட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உயரத்தில் இன்னொரு பிசகு நடக்கிறது. விதி சொல்வது தரையிலிருந்து. ஆப் காட்டுவது ட்ரோன் கிளம்பிய இடத்திலிருந்து. ஐந்து மாடி மொட்டைமாடியிலிருந்து ஏற்றினால் பதினைந்து மீட்டர் கணக்கில் வராமல் போகிறது. 400 அடி என்பது ஏறக்குறைய 120 மீட்டர். அந்த மாடியிலிருந்து ஏற்றினால் ஆப்பில் உச்ச வரம்பை 105 என்று பூட்டுங்கள். அயனாவரம் ஓரத்து 200 அடிப் பகுதி என்றால் 45.

எடையும் அப்படித்தான். 249 கிராம் என்று பெட்டியில் போட்ட ட்ரோனுக்குப் பெரிய பேட்டரியோ இறக்கைக் காப்போ மாட்டினால் 250-ஐத் தாண்டி மைக்ரோ வகைக்குப் போய்விடும். அப்போது மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 2 கிலோ வரையுள்ள ட்ரோனை வணிகம் அல்லாத காரியத்துக்குப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. கூலி வாங்கிக் கல்யாணம் எடுக்கும் மைக்ரோ இந்தச் சலுகைக்குள் வராது. விதிமீறலுக்கு அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை.

பச்சையில் தனி அனுமதி வேண்டாம் என்பது வான்வெளிக்கு மட்டும். திருவொற்றியூர் கோயில் தேரை எடுக்க நிர்வாகத்திடமும், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குள் நின்று ஏற்ற அங்குள்ளவர்களிடமும் கேட்டே ஆக வேண்டும். பதிவு எண், காப்பீடு, அன்றைய வரைபடம் மூன்றும் போனில் இருந்தால் எஸ்.ஐ. வந்து கேட்கும்போது பேச்சு சுருக்கமாக முடியும்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி, ஒரு முறைக்கு 96 மணி நேரம் வரை எந்தப் பச்சைப் பகுதியையும் தற்காலிகச் சிவப்பாக அறிவிக்கலாம். டிஜிட்டல் ஸ்கை வரைபடத்திலும் அதைக் காட்ட வேண்டும் என்பது விதி. ஆனால் பிரதமர் வருகையின்போதும் குடியரசு நாளிலும் பலருக்கு முதலில் தெரிவது உங்கள் செய்தி வழியாகத்தான். அதில் 'நகரின் சில பகுதிகளில் ட்ரோனுக்குத் தடை' என்று நிறுத்திவிடாமல், எந்தெந்தக் காவல் நிலைய எல்லை, எந்தத் தேதி எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ட்ரோன் பயிற்றுநர் ஒருவர்,
தண்டையார்பேட்டை.