எடைக்குப் போகும் எஸ்.எம்.பி.எஸ்.

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருமங்கலத்தில் சிறிய அச்சகம் நடத்தி வருகிறேன். கல்யாணப் பத்திரிகைகளை இன்றும் ஒரு பழைய மேசைக் கணினியில்தான் வடிவமைக்கிறேன். யூனிகோடு பரவலாவதற்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களும், பழைய பிரிண்டர் போர்ட்டில் டாங்கிளை (மென்பொருளுக்குச் சாவி போன்ற சிறு கருவியை) செருகினால் மட்டுமே திறக்கும் மென்பொருளும் அதில் இருக்கின்றன. இப்போது வரும் கணினிகளில் அந்தப் போர்ட்டைக் காண்பதே அரிது.

ஆவணி முகூர்த்த வேலைகள் குவிந்திருந்த நேரத்தில் அதன் எஸ்.எம்.பி.எஸ்., அதாவது கணினிக்கு வேண்டியபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி, செயலிழந்தது. மதுரை டவுன்ஹால் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினேன். "சிஸ்டத்தையே மாத்திருங்க சார்" என்பதே பெரும்பாலும் கிடைத்த பதில். ஒரு கடையில் மட்டும் 450 வாட் என்று அச்சிட்ட பெட்டி ஒன்றை எடுத்து நீட்டினார்கள். அது வழக்கமான ஏடிஎக்ஸ் அளவு, 150 மி.மீ. அகலமும் 86 மி.மீ. உயரமும் கொண்டது, என்னுடையதோ ஒல்லியான கேபினட், 85 மி.மீ. அகலமுள்ள டிஎஃப்எக்ஸ் வகைதான் அதற்குள் நுழையும். கேபினட்டைத் திறந்து போட்டு, பெட்டியை வெளியே தொங்கவிடலாம் என்றார் கடைக்காரர். காகிதத் தூள் பறக்கும் அச்சகத்தில் அது நடக்கிற காரியமா?

அளவாவது கண்ணுக்குத் தெரியும். கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டில் பொருத்தும் செருகியில் உள்ள ஆபத்து தெரியாது. 24 முனைச் செருகியில் நான்கைப் பிரித்துவிட்டு 20 முனை மதர்போர்டில் பொருத்துவது சாதாரணமாக நடப்பதுதான். ஆனால் பிராண்டட் கணினிகள் சிலவற்றில் செருகியின் உருவம் ஒன்றாகவே இருக்க, உள்ளே கம்பி வரிசை மாறியிருக்கும். சரிபார்க்காமல் செருகினால் மதர்போர்டும் சேர்ந்து போய்விடும்.

கடைசியில், ஒரு கல்லூரி கழித்துப்போட்ட கணினிகள் குவிந்திருந்த பழைய இரும்புக் கடையில் அதே மாடல் எஸ்.எம்.பி.எஸ். எடை விலைக்குக் கிடைத்தது. லோடு கொடுத்து மீட்டரில் அளந்தபோது 12 வோல்ட் இணைப்பு, விதித்த 11.4 முதல் 12.6 வரையிலான எல்லைக்குள் நின்றது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற புதுப்பிப்பாளர்களிடமோ மறுசுழற்சியாளர்களிடமோ போயிருக்க வேண்டிய பொருள் அது என்பதை அறிவேன். நான் வாங்கிய வழியும் சரியன்று. வேறு வழி இருக்கவில்லை.

ஆகவே, மதுரையில் உள்ள அலுவலகங்களும் கல்லூரிகளும் கணினிகளைக் கழிக்கும்போது அவற்றைப் பதிவு பெற்ற புதுப்பிப்பாளர்களிடமே ஒப்படைக்க வேண்டும். அவர்களும் இயங்கும் எஸ்.எம்.பி.எஸ்.களைச் சோதித்து, மாடல் எண்ணையும் செருகி வகையையும் ஒட்டி விற்பனைக்கு வைக்க வேண்டும். பெட்டியைத் திறந்து பழுது பார்ப்பதைப் பயிற்சி பெற்றவர்களுக்கே விட்டுவிடலாம்; மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உள்ளிருக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். மாவட்ட நிர்வாகம் இத்தகைய புதுப்பிப்பாளர்களின் முகவரிகளை வெளியிட்டால், என் போன்றோர் இரும்புக் கடையில் குனிந்து தேட வேண்டியிராது.

இப்படிக்கு,
ஓர் அச்சக உரிமையாளர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.