கையெழுத்துப் போடுவதற்கு முன்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்து மூன்று வாரம் ஆகிறது. நம் தெருவை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு எழுதலாம் என்றுதான் தாமதித்தேன். போன புதன்கிழமை காலையில் போனேன். விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்பினேன்.

"கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் ஒப்பந்தத்தில் பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், நான் ஒருவன்தான் பாக்கி, என்ன செய்யட்டும்?" என்று கேட்டிருந்தாய். போட்டுவிடு. ஆனால் கீழ்த்தளக் கடைகளைப் பற்றி எழுத்தில் ஓர் உறுதி வாங்கிக்கொண்டு போடு. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம் நீளப்போகிறது.

உன் தாத்தா கட்டிய கட்டடத்தை இடிக்க உனக்கு மனம் வராது என்று தெரியும். நேரில் பார்த்தால் மனம் மாறிவிடும். உத்தரங்களில் இரண்டைக் கரையான் அரித்துவிட்டது. இரும்புக் குழாயால் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். மாடிக்குப் போகும் மரப்படியில் ஒரு நேரத்தில் ஓர் ஆள்தான் ஏற முடியும். தீப்பிடித்தால் மேலே இருப்பவர்கள் இறங்க வேறு வழி கிடையாது. எட்டுக் குடும்பங்களுக்கு ஒரே கழிவறை. வாளியோடு வரிசையில் நின்ற ஒரு பாட்டியிடம் பேசினேன். "பழைய வீடு அழகாக இருக்கிறது என்று படம் எடுக்க வருகிறார்கள், தம்பி. இந்த வாளியை ஒருநாள் மேல்மாடிக்குத் தூக்கிப் பார்க்கச் சொல்" என்றார். அதைக் கேட்ட பிறகு, இடிக்கக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பாட்டிக்கு ஒரு குழாயும் ஒரு மின்தூக்கியும் கிடைத்தே ஆக வேண்டும்.

நீ அனுப்பிய திட்ட நகலை இரண்டு முறை படித்தேன். கூடுதல் மாடிகள் கட்ட அனுமதி வாங்கி, அவற்றை வெளியாருக்கு விற்று, அந்தப் பணத்தில் பழைய குடித்தனக்காரர்களுக்கு வீடு கட்டித் தருகிறார்கள். பல இடங்களில் மறுகட்டுமானம் இந்தக் கணக்கில்தான் நடக்கிறது. வீடுகளைப் பொறுத்தவரை இந்தத் திட்டத்தில் பெரிய குறை எதுவும் எனக்குத் தெரியவில்லை. வரைபடத்தின் கடைசித் தாளைப் பார். கீழ்த்தளத்தில் பாதிக்கு மேல் வாகன நிறுத்தம். மீதியில் நான்கு பெரிய கடைகள். இன்று அங்கே இருப்பவை பதினொரு கடைகள். அதில் பாதிப் பேரிடம் ஒப்பந்தப் பத்திரம் என்று எதுவும் கிடையாது. தாத்தா வாய்ச்சொல்லில் கொடுத்தார், அப்பா அதைக் காப்பாற்றினார், அவ்வளவுதான். அதனால் மறுகுடியமர்வுப் பட்டியலில் மாடியில் இருப்பவர்களின் பெயர்கள் இருக்கின்றன, கீழே கடை வைத்திருப்பவர்களின் பெயர்கள் இல்லை.

பைண்டிங் அண்ணனை உனக்கு நினைவிருக்கும். நம் பள்ளிக்கூட நோட்டுகளைத் தைத்துக் கொடுத்தவர். இப்போதும் அதே மூலையில், அதே தாழ்வான பலகையில் உட்கார்ந்திருக்கிறார். நான் போனபோது ஒரு பழைய அகராதியைப் பிரித்து மறுபடி தைத்துக்கொண்டிருந்தார். பதினாறு பக்கமாக மடித்த தாளைப் பாரம் என்பார்கள். அப்படி ஒவ்வொன்றையும் நடு மடிப்பில் விரிக்கிறார். மெழுகு தடவிய நூலை உள்ளிருந்து வெளியே இழுத்து, ஒரு விரற்கடை தள்ளி மறுபடி உள்ளே விடுகிறார். பாரம் தைத்து முடிந்ததும் கட்டைவிரல் நகத்தால் மடிப்பின் மேல் ஓர் அழுத்து. அந்த நகம் ஓரத்தில் தேய்ந்து கண்ணாடி போல் மின்னுகிறது. எத்தனை ஆயிரம் மடிப்புகளைப் பார்த்த நகமோ!

அவர் கடையில் ஐந்து மணி நேரம் இருந்தேன். வெளியிலிருந்து வந்த வாடிக்கையாளர்கள் இரண்டே பேர். ஆனால் தெருக்காரர்கள் பதினேழு முறை வந்து போனார்கள். வேலை இல்லாத மனிதனாக உட்கார்ந்து எண்ணினேன். அண்ணனிடம் கட்டிங் மெஷின் கிடையாது. மூன்றாவது கடையில் இருக்கிறது. அட்டையும் அதன்மேல் ஒட்டும் காலிகோ துணியும் எதிர்ச்சாரியில். முதுகில் பொன்னெழுத்துப் பதிப்பவர் மாடிப்படிக்குக் கீழே, ஒரு மேசையும் ஒரு மின்னடுப்பும் கொள்ளும் இடத்தில். பாரம் மடித்துக் கொடுக்கும் அம்மா இரண்டு வாசல் தள்ளி. ஒரு புத்தகம் இந்த நூறு அடி தூரத்துக்குள் ஐந்து கை மாறி முழுதாகிறது. பையன் தோளில் தூக்கிக்கொண்டு போகிறான், அரை மணியில் திரும்பி வருகிறான். யாரும் யாருக்கும் ரசீது எழுதவில்லை. மாதக் கடைசியில் கணக்குப் பார்த்துக்கொள்கிறார்கள்.

கட்டுமான நிறுவனத்தின் ஆள் ஒருவர் போன மாதம் வந்து, "ஆளுக்கொரு இடம் வேறு எங்காவது பார்த்துத் தருகிறோம்" என்று சொன்னாராம். கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ஐந்து பேருக்கும் ஐந்து நல்ல இடங்களே கிடைத்தாலும், நகரத்தின் ஐந்து கோடியில் கிடைத்தால், ஓர் அகராதியைத் தைத்து முடிக்க எத்தனை வண்டி ஏற வேண்டும்? ஒரு கடையை இடம் மாற்றினால் அது பிழைத்துக்கொள்ளும். ஐந்தைப் பிரித்து மாற்றினால் ஐந்துமே படுத்துவிடும்.

ஹாங்காங்கில் இது நடந்தே விட்டது. வான் சாய் பகுதியில் லீ துங் தெரு என்று ஒன்று. கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவர்கள் வரிசையாக இருந்ததால் கல்யாணப் பத்திரிகைத் தெரு என்றே பெயர் வாங்கியது. மறுசீரமைப்பு அறிவிப்பு வந்ததும் அங்கே குடியிருந்தவர்களும் கடைக்காரர்களும் வெறுமனே கோஷம் போடவில்லை. நிபுணர்களோடு உட்கார்ந்து ஒரு மாற்று வரைபடமே தயாரித்தார்கள்: தெருவின் இரு முனைகளில் உயரமான கட்டடங்கள், நடுவில் பழைய கட்டடங்கள் அப்படியே. அது ஏற்கப்படவில்லை. தெரு இடிக்கப்பட்டது, அச்சகங்கள் சிதறின. இன்று அங்கே பளபளப்பான கடைவீதி இருக்கிறது. கல்யாணத் தெரு என்ற பழைய நினைவையே அலங்காரமாகவும் வைத்துக்கொண்டிருக்கிறது. அந்த மாற்று வரைபடத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. மேலே உயரமும் கீழே பழைய தொழிலும் ஒன்றாக இருக்க முடியும் என்று கோடு போட்டுக் காட்டிய பிறகும் கைநழுவிப் போனது அது.

"தொழில்கள் மாறத்தானே செய்யும், எல்லாவற்றையும் உறையவைக்க முடியுமா?" என்று நீ எழுதியிருந்த வரியை மறக்கவில்லை. நியாயமான கேள்வி. அதற்கு நம் முனைக்கடையே பதில். நாம் வாடகைக்குப் புத்தகம் எடுத்த இடம் அது. பிறகு வீடியோ கேசட் கடை ஆயிற்று. பிறகு இணைய மையம். இப்போது ஓர் இளம்பெண் கைப்பேசி பழுது பார்க்கிறாள். உருப்பெருக்கியின் கீழே ஒரு மின்சுற்றுப் பலகையை வைத்து, ஊசி முனை அளவு ஈயத்தை உருக்கிச் சொட்டவைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இருப்பது நம் நூலகத்தின் அதே அலமாரி. புத்தகம் இருந்த தட்டுகளில் உதிரி பாகங்கள். "இந்த வாடகைக்கு என்பதால்தான் துணிந்து ஆரம்பித்தேன். தோற்றாலும் கடனாளி ஆகியிருக்க மாட்டேன்" என்றாள். நான்கு தொழில்கள், ஒரே கதவு. நம் தெரு ஒருநாளும் உறைந்து நின்றதில்லை. மாறுவதற்கு அதிகப் பணம் தேவைப்படாமல் இருந்தது, அதனால் தானாக மாறிக்கொண்டே வந்தது. நான்கு பெரிய கடைகள் வந்த பிறகுதான் அது உறையும். அந்த வாடகையில் யார் வந்து தோற்றுப் பார்க்கத் துணிவார்கள்?

நியூயார்க்கில் தன் குடியிருப்புப் பகுதியைக் காப்பாற்றப் போராடிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961இலேயே இதை எழுதிவிட்டார். புதுக் கட்டடத்தில் போட்ட முதலீட்டை வாடகையில்தான் எடுக்க வேண்டும். அந்த வாடகையைத் தாங்குபவை வங்கிகளும் பல கிளைகள் கொண்ட பெரிய கடைகளும்தான். புதிதாக ஒன்றை முயல்பவருக்குப் பழைய கட்டடத்தை விட்டால் வழியில்லை என்றார். ஒரு தெருவில் வெவ்வேறு வயதுள்ள கட்டடங்கள் கலந்திருக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தியது அழகுக்காக அல்ல, இந்தக் காரணத்துக்காகத்தான்.

பக்கத்துத் தெருவில் வேலை முடிந்துவிட்டது. மூன்று ஆண்டு என்று ஆரம்பித்து ஆறு ஆண்டு இழுத்தது. நம் தையற்காரர் கீழே ஒரு கடையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு திரும்பினார். வாடகையைச் சமாளித்துவிட்டார், மாதா மாதம் வரும் பராமரிப்புக் கட்டணத்தைச் சமாளிக்க முடியவில்லை. ஆறு ஆண்டில் பழைய வாடிக்கையாளர்களும் வேறு இடம் பழகிவிட்டார்கள். பத்து மாதத்தில் மூடிவிட்டார். கண்ணாடிக் கதவில் அவர் பெயர் ஒட்டியிருந்த இடம் மட்டும் இன்னும் கொஞ்சம் வெளிறித் தெரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முகப்பை மட்டும் காப்பாற்றலாம் என்று உன் தம்பி ஒரு யோசனை சொன்னதாக எழுதியிருந்தாய். அதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. பினாங்கின் ஜார்ஜ் டவுனைப் பார். பழைய கட்டடங்களுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முடிவுக்கு வந்தது. வாடகை ஏறியது; தலைமுறைகளாக இருந்த குடும்பங்களும் சிறு தொழில்காரர்களும் ஏராளமாக வெளியேறினார்கள். 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் அந்த நகரம் சேர்ந்தது. கட்டடங்கள் பிழைத்தன, மகிழ்ச்சிதான். ஆனால் எத்தனையோ வாசல்களுக்குப் பின்னால் இப்போது விடுதிகளும் காபிக் கடைகளும் இருக்கின்றன. கட்டுப்பாடு இருந்த காலத்தில் சொந்தக்காரர்கள் பழுது பார்க்கவும் வருமானம் இல்லாமல் தவித்தார்கள் என்பதும் உண்மை. உன் குடும்பமே அந்த நிலையில்தான் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் வாடகையை ஏற்றவே கூடாது என்று கேட்கச் சொல்லவில்லை.

வேறு என்ன கேட்பது? மற்ற ஊர்களில் செய்து பார்த்த வழிகள் இருக்கின்றன. பாரிஸ் நகராட்சி 2004 முதல் தன் நிறுவனம் ஒன்றின் மூலம் கீழ்த்தளக் கடைகளை விலைக்கு வாங்கி, புத்தகக் கடைகளுக்கும் கைவினைஞர்களுக்கும் கட்டுப்படியாகும் வாடகைக்கு விட்டது. சான் பிரான்சிஸ்கோவில் 30 ஆண்டுக்கு மேல் நடக்கும் தொழில்களைப் பதிவு செய்து, அவற்றுக்குக் குறைந்தது 10 ஆண்டுக் குத்தகை கொடுக்கும் கட்டட உரிமையாளருக்கு மானியம் தர 2015இல் மக்கள் வாக்களித்தே முடிவு செய்தார்கள். நமக்கு அப்படிப்பட்ட நகராட்சி வாய்க்கவில்லை. ஆனால் உன் கையெழுத்து இருக்கிறது, அது இல்லாமல் வேலை தொடங்காது.

கடை நான்கு வேண்டாம், பதினொன்று வேண்டும் என்று கேள். சிறிய கடைகளாகவே இருக்கட்டும், அவர்களுக்கு அதுவே போதும். ஆளுக்குப் பத்து ஆண்டுக் குத்தகை. ஆண்டுக்கு எவ்வளவு ஏறும் என்று முன்கூட்டியே எழுதிவிடட்டும். பராமரிப்புக் கட்டணம் கடையின் பரப்பளவுப்படி மட்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், கட்டடத்தை இரண்டு பாதியாகக் கட்டச் சொல். பின்கட்டை முதலில் இடிக்கட்டும், அது எழுந்ததும் முன்கட்டுக் கடைகள் அங்கே நகரட்டும், பிறகு முன்கட்டு. அப்படிச் செய்தால் பைண்டிங் அண்ணன் நூறு அடிக்கு மேல் எங்கும் போக வேண்டியதில்லை. கூடுதல் காலம் ஆகும், செலவும் ஆகும் என்பார்கள். ஆகத்தான் செய்யும். உன் பங்கில் கொஞ்சம் குறையவும் கூடும். அதைத் தாங்க உன்னால் முடியும் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

பத்திரம் இல்லாதவர்களை எப்படிப் பட்டியலில் சேர்ப்பது என்பார்கள். அதற்கு என்னிடம் ஒரு வழி இருக்கிறது. ஊரை விட்டுப் போகும்போது உன் அப்பாவின் வாடகைக் கணக்கு நோட்டுகளை என் வீட்டுப் பரணில் வைத்துவிட்டுப் போனாயே, ஏழு நோட்டு. போன மாதம் இறக்கிப் பார்த்தேன். எந்தக் கடை, யார், எந்த மாதம் எவ்வளவு கொடுத்தார் என்று ஒரு மாதம் விடாமல் எழுதியிருக்கிறார். கொடுக்க முடியாத மாதங்களில் "பரவாயில்லை" என்று ஓரத்தில் குறிப்பும் இருக்கிறது. இதைவிட நல்ல சாட்சி எந்தப் பத்திரம்? தொட்டாலே தாள் கழன்று வந்ததால் அண்ணனிடம் கொடுத்தேன். தன் பெயர் இருக்கும் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, ஊசியில் நூல் கோத்தார். ஐந்து நோட்டுகள் முடிந்துவிட்டன. மற்ற இரண்டும் அடுத்த வாரம் தயாராகிவிடும்.

தபாலில் அனுப்ப எனக்குத் துணிச்சல் இல்லை. கையெழுத்துப் போட எப்படியும் வரத்தானே வேண்டும், இரண்டு நாள் முன்னதாக வா. நோட்டுகளை அவரிடமே போய் வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சு நண்பன்