பாப்பா, பயமா இருந்தா பயம்னே சொல்லு

பாப்பா, நல்லா இருக்கியா. போன் பண்ணா "எல்லாம் ஓகேப்பா"ன்னு சொல்லி வச்சிடுற, அதான் டைப் பண்றேன், நைட்டு சாப்பிட்டுட்டு மெதுவா படி.

பொங்கலுக்கு வந்தப்ப வாசல்ல அண்ணன் பையன் கூட விளையாடிட்டு இருந்தியே, அவன் பின்னாடி இருந்து வந்து உன் வலது கணுக்காலை கப்புன்னு புடிச்சான்ல. 4 வயசுப் பையன், அவன் புடியில என்ன பலம் இருந்துடப் போவுது. ஆனா உன் மூஞ்சி அப்படியே வெளுத்துப் போச்சு, ரெண்டு கையும் தானா முட்டிக்குப் போச்சு, அப்புறம் சிரிச்சு சமாளிச்சே. அம்மா கவனிக்கல, நான் பாத்துட்டேன். 20 வருஷமா ஸ்கூல்ல கபடி சொல்லிக் கொடுக்குறவன், கணுக்கால்ல ஆங்கிள் ஹோல்டு விழுந்தா நீ காலை உதறிட்டு லைனுக்குப் பாயுறத எத்தனை தடவ பாத்திருப்பேன், அன்னிக்கு நீ உதறவே இல்ல பாப்பா, அப்படியே நின்னுட்டே.

முட்டி ஆபரேஷன் முடிஞ்சு 11 மாசம் ஆச்சு. ஒத்தக்கால் ஜம்ப் டெஸ்ட்ல ரெண்டு காலுக்கும் 10 சதவீதத்துக்குள்ள தான் வித்தியாசம், டாக்டரும் விளையாடலாம்னு எழுதிக் கொடுத்துட்டார். அதுலேர்ந்து நான் வாராவாரம் "எப்ப மேட்ல இறங்குற, செலக்‌ஷன் வருது, ஸ்போர்ட்ஸ் கோட்டால வேலை இருக்கு"ன்னு உன்னைப் போட்டு அரிச்சிட்டே இருந்தேன். தப்பு பண்ணிட்டேன்டா, மன்னிச்சிரு.

அன்னிக்கு ராத்திரியே உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன். 2014ல பல நாட்டு ஆராய்ச்சிய ஒண்ணா சேத்துப் பாத்திருக்காங்க, உனக்குக் கிழிஞ்ச அந்த ஏசிஎல், அதான் முட்டிக்குள்ள இருக்கற லிகமென்ட், அதுக்கு ஆபரேஷன் பண்ணவங்கள்ல 100க்கு 81 பேர் ஏதோ ஒரு விளையாட்டுக்குத் திரும்பி வந்துடுறாங்க, பழைய லெவலுக்கு வர்றது 65 பேர், போட்டியில ஆடுற அளவுக்கு 55 பேர் தான். வராதவங்கள்ல நிறைய பேருக்கு முட்டி நல்லாவே இருந்திருக்கு, திரும்ப கிழிஞ்சிடுமோங்கிற பயம் தான் புடிச்சு நிறுத்தியிருக்கு. ஸ்கூல்ல நான் எத்தனை புள்ளைங்கள "அதுக்கு ஆர்வம் போயிடுச்சு"ன்னு ஈசியா சொல்லி விட்டிருக்கேன், நினைச்சா மனசு கஷ்டமா இருக்கு.

உனக்கு அடிபட்டது எனக்கு இன்னும் கண்ணுலயே நிக்குது, ரெய்டு போய் போனஸ் கோட்டைத் தாண்டி கால் வச்சு பாயிண்ட் எடுத்துட்டு திரும்புனே, யாரும் தொடக்கூட இல்ல, டப்புன்னு ஒரு சத்தம். எவளாவது வந்து இடிச்சிருந்தா அவ மேல கோவப்பட்டுட்டு போயிடலாம், இங்க உன் காலே உன்னை விட்டுடுச்சு, அப்புறம் அத எப்படி நம்புறது? "கால் என்னோடது மாதிரியே இல்லப்பா"ன்னு ஒரு நாள் சொன்னியே, அதுலயும் நிஜம் இருக்கு. அந்த லிகமென்ட்ல நரம்பு முனை இருக்கு, முட்டி எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புதுன்னு மூளைக்குச் சொல்றதுல அதுக்கும் பங்கு உண்டு, இப்ப உள்ள இருக்கறது தொடைத் தசைநார்லேர்ந்து எடுத்து வச்சது. பயத்தோட இறங்கினா உடம்பு விறைச்சுக்கும், முட்டி மடங்காம தொப்புன்னு காலை ஊணுவோம், பாரமெல்லாம் நல்ல கால் மேல போயிடும், அப்ப அந்தக் காலுக்கும் ஆபத்து தான். அதனால தான் சொல்றேன், பயத்தை மறைச்சிட்டு இறங்காத. "தைரியமா இரு"ன்னு சொல்றவங்களை விட்டுத் தள்ளு, அதுல நானும் ஒருத்தன்.

ஆஸ்திரேலியாவுல 2008ல இதுக்குன்னே 12 கேள்வி தயார் பண்ணியிருக்காங்க, ஆடும்போது பயமா இருக்கா, முட்டியப் பத்தி யோசிக்காம ஆட முடியுமா, திரும்ப ஆபரேஷன் வந்துடுமோங்கிற நினைப்பு ஆட விடாம பண்ணுதாங்கிற மாதிரி. உங்க பிசியோ அக்காகிட்ட கேளு, தொடை பலத்தை அளக்குற மாதிரி இதையும் மாசாமாசம் அளக்கச் சொல்லு.

மல்யுத்தம் ஆடுற வினேஷ் போகட் ஞாபகம் இருக்கா, 2016 ரியோ ஒலிம்பிக்ஸ்ல சீனாக்காரி ஒருத்தி கூட மோதுறப்ப முட்டி போய் ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போனாங்க, நீ அப்ப ஸ்கூல் போயிட்டு இருந்தே, டிவி முன்னாடி அழுதே. 2018 ஏசியன் கேம்ஸ்ல முதல் பவுட்டே அதே சீனாக்காரி கூடத்தான் வந்துச்சு, ஜெயிச்சு அந்தப் போட்டியில தங்கமும் எடுத்தாங்க. நடுவுல 2 வருஷம் ஓடியிருக்கு பாப்பா, நான் உனக்கு 2 மாசம் கூட குடுக்கல.

எனக்குத் தோணுறது இது தான், மேட்ச் வேணாம், கோச்சும் வேணாம், நீ நம்புற ஒரு கூட்டாளிய மட்டும் கூட்டிக்கோ. முதல்ல அவ சும்மா கணுக்காலைத் தொடட்டும், எப்ப புடிக்கணும்னு நீ சொல்லு. அது பழகினப்புறம் மெதுவா புடிக்கட்டும், அப்புறம் சொல்லாம கொள்ளாம புடிக்கட்டும். அந்த போனஸ் திரும்புறத கடைசியா வச்சுக்கலாம், முதல்ல நடந்துகிட்டே திரும்பிப் பாரு. ஒரு நாள் முடியலன்னா அன்னிக்கு விட்டுடு. இந்த வருஷ செலக்‌ஷன் போனா போவட்டும், அம்மாகிட்டயும் பேசிட்டேன்.

சனிக்கிழமை காலை பஸ்ல வரேன், அம்மா முறுக்கு சுட்டுக் குடுத்து விடுறா. கிரவுண்டுக்கு வர்றேன், ஆனா விசில் எடுத்துட்டு வரல. உன் கூட்டாளி புடிக்கட்டும், நான் லைனுக்கு வெளிய உக்காந்துக்குறேன், வாயே திறக்க மாட்டேன்.

அப்பா