அந்தப் பொம்மை ரயில் ஓடும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் புதுச்சேரியின் பழம்பொருள் கடைகளைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையுடன், கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில் பித்தளைக் குத்துவிளக்குகளுக்கு நடுவே நிற்கும் பச்சை நிறத் தகர ரயில் இஞ்சின் ஒன்றின் படம் வந்திருந்தது. அதன் கீழே, ‘ஓடாத பழைய பொம்மை ரயில், வரவேற்பறை அலங்காரத்துக்கு ஏற்றது’ என்று அச்சிட்டிருந்தீர்கள். அந்த ‘ஓடாத’ என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முத்தியால்பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை ஒன்றில் கையாளாகச் சேர்ந்து, பிறகு அதையே எடுத்து நடத்தி, மொத்தம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தொழிலில் இருந்தவன் நான். தண்ணீர் மோட்டார், மின்விசிறி, மிக்சி ஆகியவைதாம் எங்களுக்குச் சோறு போட்டன என்றாலும், பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பிய சொல்தா வீடுகளிலிருந்து, ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ பொம்மை ரயில்களும் பட்டறைக்கு வரும். பெரும்பாலும் பிரான்சில் செய்யப்பட்ட ஹார்ன்பி, ஜெப் ஆகிய இரண்டு பெயர்கள்தாம் அவற்றின் அடியில் இருக்கும். ‘ஓடவில்லை’ என்று சொல்லிக் கொண்டுவரப்பட்டவற்றுள் உண்மையிலேயே ஓட வைக்க முடியாமல் நான் திருப்பிக் கொடுத்தவை இரண்டே இரண்டு. தங்கள் படத்தில் இஞ்சினுக்குப் பக்கத்தில் கிடந்த தண்டவாளத் துண்டில் மூன்று கம்பிகள் தெளிவாகத் தெரிந்தன. ஆகவே அதுவும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது என்று துணிந்து சொல்கிறேன்.

நம் ஊரில் பொம்மை ரயில் என்றால் தாவரவியல் பூங்காவில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சுற்றும் வண்டியைத்தான் பலர் நினைக்கிறார்கள். சிலர் ஊட்டி ரயிலையும் அப்படிச் சொல்கிறார்கள். அது 1000 மில்லிமீட்டர் அகலப் பாதையில் ஓடும் முழு ரயில், அதைப் பொம்மை என்பது அநியாயம். நான் சொல்வது கூடத்துத் தரையில் ஓடுவது. ‘ஓ’ அளவு எனப்படும் பாதையில் வெளித் தண்டவாளங்களுக்கு இடையே ஏறத்தாழ 32 மில்லிமீட்டர். ஹார்ன்பி டப்லோ போன்ற சிறிய வகைகளில் 16.5 மில்லிமீட்டர்.

இவற்றுள் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தியவற்றுக்குச் சேகரிப்போரிடையே தனி மதிப்பு உண்டு. போர்க்காலத்தில் தகரமும் செம்பும் படைத் தேவைக்குப் போயின. 1900-இல் நியூயார்க்கில் தொடங்கிய லயனல் நிறுவனம் 1942-இல் ரயில் செய்வதை நிறுத்திவிட்டுக் கப்பல் திசைகாட்டி முதலான கருவிகளைச் செய்தது. 1945-இல்தான் மறுபடி ரயிலுக்குத் திரும்பியது. அந்த ஆண்டிலிருந்து 1969 வரை வந்தவற்றையே அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் ‘போருக்குப் பிந்தியவை’ என்கிறார்கள். இங்கிலாந்தின் லிவர்பூலைத் தாயகமாகக் கொண்ட ஹார்ன்பி, ஜெர்மனியின் மார்க்லின், பிரான்சின் ஜெப் ஆகியவையும் ஏறக்குறைய இதே காலத்தில்தான் உச்சத்தில் இருந்தன. பிறகு தொலைக்காட்சி வந்தது, பிளாஸ்டிக் வந்தது, பிள்ளைகள் காருக்கும் ராக்கெட்டுக்கும் மாறினார்கள்.

இனி, அந்த இஞ்சின் ஓடும் என்று நான் ஏன் சொல்கிறேன் என்பதற்கு வருகிறேன். இந்த வகை இஞ்சினுக்குள் இருப்பது மாறுமின்சாரத்தில் (ஏ.சி.) ஓடும் மோட்டார். அதன் சுழலும் பகுதியான ஆர்மேச்சரிலும் கம்பிச் சுற்று, அதைச் சூழ்ந்த காந்தப்புலத்துக்கும் கம்பிச் சுற்று. நிலைக்காந்தம் என்பதே இல்லை. டப்லோ போன்ற 12 வோல்ட் நேர்மின்சார (டி.சி.) இஞ்சின்களில் குதிரைலாடக் காந்தத்துக்கு நடுவிலிருந்து ஆர்மேச்சரை உருவும்போது, அந்த இடத்தில் ஓர் இரும்புத் துண்டைச் செருகாவிட்டால் காந்தத்தின் வலு குறைந்துவிடும். மாறுமின்சார மோட்டாருக்கு அந்தக் கவலை கிடையாது. எழுபது ஆண்டுகள் பரணில் கிடந்தாலும் இரும்பு இரும்பாகவும் செம்பு செம்பாகவும்தான் இருக்கும். கெட்டுப்போவது இரண்டு: எண்ணெயும் கரியும். அன்று விட்ட எண்ணெய் இன்று பிசினாக இறுகி அச்சுகளைப் பிடித்திருக்கும். ஆர்மேச்சருக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்த கரித்தூள், அது உரசும் செம்புத் தகடுகளாலான கம்யூட்டேட்டரின் வெட்டுகளுக்குள் இறங்கி, பிரிந்திருக்க வேண்டிய தகடுகளை இணைத்திருக்கும்.

நான் செய்யும் முறை இதுதான். பிரஷ்களைக் கழற்றி, எது எந்தப் பக்கத்தில் இருந்தது என்று குறித்துக்கொள்வேன். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் கம்யூட்டேட்டரைத் துடைப்பேன். செம்பு பளபளவென்று வெளுத்து வரும். வெட்டுகளில் உள்ள கரியைப் பல் குத்தும் குச்சியால் கீறி எடுப்பேன். எமரித் தாளை அங்கே தொடவிடவே மாட்டேன். அதன் துகள் தங்கினால் புதிய தொல்லை. அச்சுகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய், ஊசி முனையில் ஒரு சொட்டு. நம் வீடுகளில் எதற்கெடுத்தாலும் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் உண்டு. கதவுக் கீலுக்கு எப்படியோ, ரயிலுக்கு அது கூடாது. சில மாதங்களில் பசையாகிவிடும். இவ்வளவுக்கும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. பெரும்பாலான ‘ஓடாத’ ரயில்கள் இந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கின்றன.

ஆனால் அந்தக் கடையில் வாங்குபவர், ஆர்வத்தில், கூடவே வரும் பழைய மின்மாற்றியைச் சுவர்ப் பிளக்கில் செருகிவிடக் கூடாது. இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 1974-இல், பட்டறையில் சேர்ந்து ஒரு வருடம்கூட நிறையாதபோது, ஒரு சொல்தா வீட்டுப் பெரியவர் சிறிய டிரங்குப் பெட்டியில் ஓர் இஞ்சினும் மூன்று பெட்டிகளும் கறுப்பு மின்மாற்றி ஒன்றும் கொண்டுவந்து, “பேரன் கேக்கிறான் தம்பி, ஓடுதான்னு பாத்து வை” என்று கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். மேஸ்திரி கடையில் இல்லை. நான் செருகினேன். முதலில் ஓர் உறுமல். அடுத்து, அரக்கு உருகும் வாடை. அவிழ்ப்பதற்குள் மூடியின் இடுக்கு வழியாகப் புகை. திரும்பி வந்த மேஸ்திரி மின்மாற்றியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, “அடியில என்னடா போட்டிருக்கு, படி” என்றார். 110 என்று போட்டிருந்தது. அந்தக் காலத்தில் பிரான்சின் பல வீடுகளுக்கு 110 முதல் 127 வோல்ட் வரைதான் மின்சாரம் வந்தது. நம் சுவரில் இருப்பதோ 230.

இரண்டு மடங்கு வோல்ட் கொடுத்தால் இரண்டு மடங்கு மின்னோட்டம்தானே போகும் என்று நினைக்க வேண்டாம். மின்மாற்றியின் இரும்பு உள்ளீடு ஓர் அளவுக்கு மேல் காந்தத்தைத் தாங்காது. அந்த எல்லையைத் தாண்டியதும், சுவர் மின்சாரம் நுழையும் முதல் சுற்று கட்டுப்பாடில்லாமல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகி எரிந்துவிடும். எரியாமல் போனால் இன்னும் மோசம்: 20 வோல்ட் வர வேண்டிய தண்டவாளத்தில் 40 வோல்ட் வந்து இஞ்சினையும் பதம் பார்க்கும். மேஸ்திரி என்னை அடிக்கவில்லை. மூன்று நாள் கூலியைப் பிடித்துக்கொண்டு, அந்த மூன்று நாளும் என்னையே சுற்று எண்ண வைத்து, 230 வோல்ட்டுக்கு முதல் சுற்றை மாற்றிக் கட்ட வைத்தார். நான்காம் நாள் பட்டறையின் சிமெண்ட் தரையில் பாதையை வட்டமாக மாட்டி ஓடவிட்டோம். முகப்பு விளக்கு எரிய, மூன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு அது எங்கள் கால்களுக்கு நடுவே வந்தபோது, அந்தப் பெரியவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பேரனை அழைத்து வரவே அவருக்கு மறந்துபோயிற்று.

ஆகையால் என் அனுபவத்தில் சொல்வது, பழைய மின்மாற்றியை நினைவுக்கு வைத்துக்கொண்டு, புதிதாக ஒன்றை இங்கேயே கட்டிக்கொள்ளுங்கள். பழையதன் வயரில் உள்ள ரப்பர் விரலால் மடித்தாலே உதிரும். உள்ளே வெறும் செம்பு. 230-இலிருந்து 18 வோல்ட், நான்கைந்து ஆம்பியர், இருபுறமும் ஃபியூஸ் என்று சொன்னால் எந்தக் காயில் கடையிலும் கட்டித் தருவார்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்க, வோல்ட்டை மாற்றும் வேரியாக் என்ற கருவியை வைப்பதானால் அதை இந்த மின்மாற்றிக்கு முன்னால்தான் வைக்க வேண்டும். வேரியாக்கிலிருந்து நேரே தண்டவாளத்துக்கு இணைப்புக் கொடுப்பது, முள் 15 வோல்ட்டைக் காட்டினாலும், உயிருக்கு ஆபத்து. வேரியாக்கில் வீட்டு மின்சாரமும் வெளிவரும் மின்சாரமும் ஒரே சுற்றில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

மூன்றாவது தண்டவாளம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நடுத் தண்டவாளத்தில் மின்சாரம் வந்து, இஞ்சினின் அடியில் உள்ள தேய்ப்பான் அல்லது உருளை வழியாக மோட்டாருக்குப் போய், சக்கரங்கள் வழியாக வெளித் தண்டவாளங்களுக்குத் திரும்புகிறது. நிஜ ரயிலில் இல்லாத ஒன்று அசிங்கமாக நடுவில் கிடக்கிறதே என்று அளவு பிசகாத மாதிரி ரயில் செய்பவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் பாதையை வளைத்துக் கொண்டுவந்து, புறப்பட்ட பாதையிலேயே மறுபடி சேர்க்க நினைத்தால் அதன் அருமை புரியும். இரண்டு தண்டவாள முறையில் அந்த இடத்தில் இடதும் வலதும் முட்டி ஷார்ட் சர்க்யூட் ஆகும், தனிச் சுவிட்சு வேண்டும். மூன்று தண்டவாளத்தில் பிள்ளை எப்படி மாட்டினாலும் ஓடும்.

நம் கடற்கரை ஊரில் இந்தப் பாதைக்குத்தான் சங்கடம். நடுத் தண்டவாளத்தைக் குறுக்குத் தகரத்திலிருந்து பிரிக்க வைத்திருக்கும் அட்டைத் துண்டு, ஐப்பசி மழையில் ஈரம் இழுத்துப் பாதை முழுவதையும் முடக்கும். நான் அந்த அட்டையை எடுத்துவிட்டு, பழைய எக்ஸ்ரே ஃபிலிமை வெட்டிச் செருகியிருக்கிறேன். பதினைந்து ஆண்டுகளாகத் தொல்லையில்லை. உப்புக் காற்றில் தண்டவாளம் துருப்பிடிக்கும், ஆகவே ஓட்டி முடித்ததும் எண்ணெய்த் துணியால் ஒரு முறை துடைத்து, மருந்துப் புட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களுடன் இறுக மூடும் டப்பாவில் வைக்க வேண்டும். மறுமுறை ஓட்டும் முன் அந்த எண்ணெயை வழித்துவிட மறக்கக் கூடாது.

தங்கள் கட்டுரையில் ஒரு கடைக்காரர், ‘புதுப் பெயிண்ட் அடித்துத் தருகிறோம்’ என்று சொன்னதாகவும் இருந்தது. தயவுசெய்து யாரும் இதற்குச் சம்மதிக்க வேண்டாம். தகரத்தை வளைக்கும் முன்பே, தட்டையான தாளாக இருக்கும்போதே, சன்னல், படி, எண், எழுத்து அனைத்தையும் வண்ணத்தில் அச்சிட்டு, பிறகுதான் வெட்டி மடித்து, தகரக் காதுகளைத் துளையில் நுழைத்துத் திருப்பியிருக்கிறார்கள். மேலே பெயிண்ட் ஏறினால் அந்த அச்சு போனது போனதுதான். அந்தக் காதுகளும் மூன்று நான்கு முறை நிமிர்த்தி மடக்கினால் முறிந்துவிடும்; காரணமில்லாமல் கூட்டைத் திறக்க வேண்டாம். பழைய வண்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், எதையும் வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகளிடம் இவற்றைக் கொடுக்கவும் கூடாது.

ஓட்டினால் மதிப்புக் குறையும், அலமாரியில் வைப்பதே முறை என்பவர்களையும் நான் அறிவேன். அமெரிக்காவில் 1954-இலேயே சேகரிப்பாளர்கள் சங்கம் அமைத்து, ஒரு பெட்டியின் நிலையை 1 முதல் 10 வரை எண்ணிட்டு மதிப்பிடுகிறார்கள். இதில் ஒரு வேடிக்கை: 1957-இல் லயனல், பெண் குழந்தைகளுக்கென்று ரோஜா நிற இஞ்சினுடன் ஒரு ரயில் விட்டது. யாரும் வாங்கவில்லை, அன்று கடைகளில் தேங்கிய அதற்குத்தான் இன்று கிராக்கி. விலைக்காக வாங்குபவர்கள் அப்படி ஒன்றைப் பெட்டி பிரிக்காமல் வைத்திருக்கட்டும், எனக்கு ஆட்சேபமில்லை. காந்தி வீதி ஞாயிறு சந்தையில் அறுநூறு ரூபாய்க்கு வாங்கிய, ஒரு பக்கம் நசுங்கிய என் இஞ்சினுக்கு எந்த எண்ணும் தேறாது. மாதம் ஒரு முறையாவது ஓட்டினால்தான் அதன் எண்ணெய் இறுகாமல் இருக்கிறது.

தங்கள் செய்தியாளர் அந்தக் கடைக்கு மறுபடி போக நேர்ந்தால், இஞ்சினைத் தலைகீழாகத் திருப்பிச் சக்கரத்தை விரலால் மெதுவாகத் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். இம்மியளவு அசைந்தாலும் போதும், ‘ஓடாத’ என்ற சொல்லுக்கு ஒரு திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். கடைக்காரர் சம்மதித்தால், பாதை வளையத்துடன் ஒரு நாள் நானே அங்கு வரத் தயார். மின்மாற்றியையும் கொண்டுவருகிறேன்; அதுவரை அவரிடம் இருப்பதைச் செருகிப் பார்க்க வேண்டாம் என்று மட்டும் சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காயில் தொழிலாளி,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.