சிவப்பு மை போன கதை: ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். மண்டபத்துக்குப் பக்கத்தில், கடற்கரையை ஒட்டிய ஒரு கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில் நான் சமூக அறிவியல் ஆசிரியை. எந்தப் பிள்ளையும் ஒதுங்கி நிற்கக்கூடாது என்று இந்த ஆண்டு நாங்கள் எடுத்த முயற்சியில் கைகொடுத்தவர்களுக்கு நேரிலேயே நன்றி சொல்லிவிட்டேன். ஆனாலும் ஊரறியச் சொன்னால்தான் மனசு ஆறும்.

முதல் நன்றி, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு. இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வரும் பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில், வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையில் ‘மு’ என்று எழுதுவது எங்கள் வழக்கம். உதவித்தொகைக் கணக்குப் பார்க்கச் சுலபம் என்று எனக்கு முன்பிருந்தவர்கள் எழுதினார்கள். நானும் ஒன்பது வருடம் எழுதினேன். ஜூன் மாதம் ஒருநாள் பதிவேட்டை எடுத்துவந்த அந்தப் பிள்ளை, தன் பெயரின்மேல் விரலை வைத்து, “மிஸ், மு-ன்னா முட்டாளா?” என்று கேட்டாள். எனக்கு வாய் வரவில்லை. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று 2021-லேயே அரசு மாற்றிவிட்டது. அதை வகுப்பில் சொல்லிக்கொடுத்தவளும் நான்தான்.

எங்கள் பள்ளி எழுத்தர் அண்ணன் அன்று சாயங்காலமே உட்கார்ந்து, உதவித்தொகைப் பட்டியலைத் தனிக் கோப்பாக்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். பதிவேட்டையும் புதிதாக எழுதித் தந்தார். எல்லாப் பெயரும் இப்போது ஒரே நீல மையில் இருக்கின்றன. அண்ணே, நீங்கள் செய்தது சின்ன வேலை இல்லை.

அடுத்து தாளாளர் ஃபாதருக்கு. மறைக்கல்வி வகுப்பு நடக்கும்போது மற்ற மதத்துப் பிள்ளைகள் பின்பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். ஒப்புதல் இல்லாமல் யாரையும் மதபோதனையில் உட்காரவைக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு சொல்கிறதே என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். பிற மதங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று 1965-ல் வத்திக்கான் சங்கமே சொல்லிவிட்டது, இதற்கு ஏன் தயங்குகிறீர்கள் என்றார் அவர். அடுத்த வாரமே அவர்களுக்குத் தனியாக நன்னெறி வகுப்பு தொடங்கியது. தங்கச்சிமடம் சந்தியாகப்பர் திருவிழாவுக்கு எல்லா மதத்தாரும் வந்துபோகிற மண் இது. பள்ளிக்குள் மட்டும் ஏன் அது தாமதமானது என்று இப்போது யோசிக்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பையன்களைக் கூட்டிப்போய், மதிய மணி அடிப்பதற்குள் திரும்பக் கொண்டுவந்து விடும் ஜமாஅத் பெரியவருக்கும் நன்றி. ஒரு வாரம்கூடப் பிந்தியதில்லை.

மதிய உணவு விஷயம்தான் கடினமாக இருந்தது. யாரும் சொல்லாமலே பிள்ளைகள் தெருவாரியாக வட்டம் போட்டு உட்காருவார்கள். தெரு என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். திருச்சபைக்குள்ளேயே சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டு 2016-ல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையே வெளியிட்டது. எங்கள் வராந்தா மட்டும் விதிவிலக்கா? வரிசை எண்படி உட்காரவைத்ததும் சில பெற்றோர் சண்டைக்கு வந்தார்கள். அப்போது, கடல்பாசி எடுத்துவிட்டு ஈரச் சேலையோடு, விரல்களில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்காமல் வந்து நின்ற அம்மாமார்கள் ஆறு பேர், “எங்க பிள்ளை யார் பக்கத்துல உக்காந்தாலும் எங்களுக்குச் சம்மதம்” என்றார்கள். அந்த ஒரு பேச்சில் சத்தம் அடங்கியது. முழுதும் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் இப்போது குழம்பு கைமாறுகிறது.

கடைசியாகப் படகு கட்டும் ஆசாரி ஐயா. சக்கர நாற்காலியில் வரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்காகச் சாய்தளம் வேண்டும் என்றதும், விசைப்படகுகள் கரையேறிப் பழுதுபார்க்கும் மீன்பிடித் தடைக்காலத்தில், மூச்சுவிட நேரமில்லாத போன மே மாதத்தில் வந்து கயிறு பிடித்து அளந்தார். வாசல் ஓரடி உயரம். ஆறடி நீளம் போதும் என்றோம். “அது வள்ளத்தை இறக்கத்தான் ஆகும், பிள்ளை தானே ஏற வேணாமா?” என்று பன்னிரண்டடிக்குப் போட்டுக்கொடுத்தார். கூலி வாங்கவில்லை. காற்றில் வந்து சேரும் மணலைக் காலையில் முதல் வேலையாகக் கூட்டிவிடும் வாட்ச்மேன் தாத்தாவுக்கும் என் வணக்கம்.

ஆசாரி ஐயா, மழை பெய்தால் தளம் கொஞ்சம் வழுக்குகிறது. இந்தத் தடைக்காலத்திலும் வேலை நெருக்கும் என்று தெரியும். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் ஒருநாள் வந்து சொரசொரப்பாகக் கொத்திவிட்டுப் போக வேண்டும். அவள் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள்.

நன்றியுடன்,
உங்கள் பிள்ளைகளின் ஆசிரியை